பிரவீனுக்கு மட்டும் எப்படி ஆள் சேருது

டிசம்பர் 1, திங்கள்

பனி. பத்து மணி வரைக்கும் எதிர் வீடு இல்லை.

முதலில் அசிங்கமானதை எழுதிவிடுகிறேன், அப்புறம் கை தாராளமாக ஓடும். நேற்று மத்தியானம் எனக்கு நானே ஐந்து நட்சத்திரம் போட்டுக்கொண்டேன். போனில், மேப்பில் என் பெயரைத் தட்டினால் வருகிற இடத்தில். மாமியாரின் போனிலிருந்து. அவர் தூங்கிக்கொண்டிருந்தார். எழுதியது, எழுத்துக்கு எழுத்து: "குணா மாஸ்டரிடம் பயிற்சி எடுத்த பிறகு என் முழங்கால் வலி பறந்துவிட்டது. பொறுமைசாலி. பண்பாளர்."

மாமியாரின் வலி போகவில்லை. பொறுமைசாலி, பண்பாளர் என்ற இரண்டு சொல்லும் எனக்குக் கல்யாணமான நாளிலிருந்து அவர் வாயில் வந்ததில்லை.

சாயங்காலமே மல்லிகா பிடித்துவிட்டாள். என் சம்சாரம். இருபது வருஷமாகப் போஸ்டாபீசில் தபால் பிரிக்கிற கண், எதுவும் தப்பாது.

"ஏனுங்க, எங்கம்மாவுக்கு முட்டி வலி பறந்துருச்சாமா? அப்பறம் எதுக்கு நேத்துத் தைலம் தேய்க்கச் சொல்லி என் உசுர வாங்குச்சு?"

"அழிச்சர்றேன்."

"அழிக்காதீங்க. இருக்கறதே நாலு. அதுல ஒண்ணு உங்க தம்பி போட்டது, ஒண்ணு நீங்களே போட்டது. மூணாவது எவனோ ஓட்டலுன்னு நெனச்சு, இட்லி நல்லா இருந்துச்சுன்னு போட்டிருக்கான்."

நான்காவது நிஜம். நான் வீட்டுக்குப் போய்ப் பயிற்சி தருகிற ஹெட்மிஸ்ட்ரஸ் அம்மா போட்டது. மூன்று நட்சத்திரம்.

பிரவீனுக்குப் போட்டவர்கள் எல்லாரும் நிஜ மனிதர்கள். படத்தோடு. ஒரு படத்தில் மாடுகூட நிற்கிறது. அந்த மாடும் சந்தோஷமாக இருக்கிற மாதிரிதான் தெரிந்தது.

அவன் பெயரை முழுசாக எழுதக் கை வரவில்லை. இனிமேல் பி.

பி.: வயது இருபத்தொன்பது. வாழவந்திக்காரன். கொஞ்சூண்டு நிலத்தில் மிளகும் காபியும் போட்ட குடும்பம். போன வருஷம்தான் இந்தத் தொழிலுக்கு வந்தான். அதற்கு முன்னால் இந்த மலை மேல் வீடு வீடாகப் போய் உடற்பயிற்சி சொல்லித்தர நான் ஒருத்தன்தான். குணசேகரன், நாற்பத்தொன்பது. கார்டில் 'பர்சனல் ட்ரெய்னர்'. ஊர் வாயில் எக்சைஸ் மாஸ்டர். ஸ்கூட்டர் முன்னால் இரண்டு தம்பெல், பின்னால் சுருட்டின மேட். கரடியூர் ஏற்றத்தில் வண்டி திணறுகிற சத்தம் கேட்டே ஜனங்கள் மணி பார்ப்பார்கள்.

இப்போது விஷயத்துக்கு. கிளியூர் ரோட்டில் கேட் போட்ட பன்னிரண்டு வீடு. எல்லாரும் ரிட்டயர்டு. புது வருஷத்திலிருந்து தினமும் காலை எக்சர்சைஸ் கிளாஸ், அவர்கள் ஹாலிலேயே. ஒரே மாஸ்டர். வருகிற ஞாயிறு நானும் பி.யும் ஆளுக்கு இருபது நிமிஷம் நடத்திக் காட்டணும். அன்றைக்கே முடிவு. அவர்கள் செக்ரட்டரி போன் பண்ணினார். "யூ ஆர் த சீனியர்" என்றார். சீனியர் என்றால் என்ன அர்த்தம் என்று இரண்டு மணி நேரமாக யோசிக்கிறேன்.

எனக்கு இது வேணும். என் வலது முட்டி தேய்ந்துவிட்டது. மல்லிகாவைத் தவிர யாருக்கும் தெரியாது. ஒரே இடம், ஒரே ஏற்றம் என்றால் இன்னும் பத்து வருஷம் ஓட்டலாம். இல்லை என்றால் எத்தனை நாளைக்கு என்று டாக்டரிடம் கேட்கவில்லை. கேட்டால் சொல்லிவிடுவார்.

டிசம்பர் 2, செவ்வாய்

வெயில் எட்டிப் பார்த்துவிட்டுப் போனது.

காலை ஹெட்மிஸ்ட்ரஸ் அம்மா. தோள் பயிற்சி. நடுவில், "அந்த பிரவீன் பையனைத் தெரியுமா?" என்றார். தெரியும் என்றேன். "என் சமையல்காரி முதுகு வலியை நிறுத்திட்டானாம்" என்றார். கை இரண்டையும் இன்னும் ஐந்து முறை தூக்குங்கள் என்றேன். ஏற்கெனவே முடித்தாயிற்றே என்றார். பரவாயில்லை என்றேன்.

அப்புறம் போனில் ஒரு வீடியோ பார்த்தேன்: செலவில்லாமல் ஆள் பிடிப்பது எப்படி. பேசுகிறவனுக்குக் கழுத்தே இல்லை, தோளிலிருந்து நேராகத் தலை. குறிப்பு எடுத்தேன்:

1. எல்லார் கண்ணிலும் படு.
2. முதல் வகுப்பு இலவசம்.
3. முன்–பின் படம் போடு.
4. உன் வாடிக்கையாளரையே உனக்காகப் பேச வை.
5. (மல்லிகா கூப்பிட்டாள், விட்டுப்போச்சு.)

மூன்றாவது பிடித்தது. சிக்கல்: என்னிடம் வருகிறவர்கள் யாரும் இளைக்கவில்லை. தேறியிருக்கிறார்கள், மூச்சு வாங்காமல் மாடி ஏறுகிறார்கள், ஆனால் படத்தில் அது தெரியாது. ஆகவே நானே. பஷீர் பாய் கடைக்குப் போனேன். ஜெராக்ஸ், லேமினேஷன், பிட் நோட்டீஸ், ஊர்ச் செய்தி எல்லாம் அங்கே கிடைக்கும்.

இரண்டு படம் கொடுத்தேன். பாய் மூக்குக் கண்ணாடியை ஏற்றிப் பார்த்தார்.

"மாஸ்டர், இதுல 'முன்' எது?"

"தொப்பை இருக்கறதுங்க பாய்."

"இது போன மாசம் எடுத்தது. இதே சட்டையத்தான் இப்பவும் போட்டிருக்கீங்க."

"ஆமாங்க."

"இந்த 'பின்'னுல மீசை கருகருன்னு இருக்குது. பின்னாடி எங்க வாப்பா ஸ்டூடியோ ஸ்க்ரீனு. அந்த ஸ்டூடியோவ மூடியே நொம்ப வருஷமாச்சு."

"பாய், ரெண்டும் நாந்தானுங்களே."

"நீங்கதான் மாஸ்டர். ஆனா காலம் திரும்பி ஓடுது."

கடைசியில் படம் இல்லாமலே பிட் நோட்டீஸ். மஞ்சள் தாளில். 'குணா மாஸ்டர் உங்கள் இல்லம் தேடி. முதல் வகுப்பு இலவசம்.' ஏரிக்கரையில் கொடுக்க ஆரம்பித்தேன். டூரிஸ்ட் ஒருத்தர் வாங்கி, படித்து, "படகு சவாரி எந்தப் பக்கம்?" என்றார். காட்டினேன். நான் கிளம்பும்போது அவர் கையில் அதே நோட்டீஸில் சூடான மிளகாய் பஜ்ஜி. குறைந்தது கண்ணிலாவது பட்டது. குறிப்பு எண் ஒன்று.

பி. இதுவரை ஒரு நோட்டீஸ்கூட அடித்ததில்லையாம். பாய் சொன்னார். அதைச் சொல்லாமல் இருந்திருக்கலாம்.

டிசம்பர் 3, புதன்

கடும் குளிர். குரங்குக் குல்லா.

குல்லாவுக்குக் காரணம் குளிர் மட்டும் இல்லை. இன்று பி.யை வேவு பார்த்தேன். நாற்பத்தொன்பது வயதில், ஸ்கூட்டரை விட்டுவிட்டு, வாழவந்தி பஸ்ஸில், கடைசி சீட்டில், மூக்கு மட்டும் வெளியே. ஏறி உட்கார்ந்ததும் முன் சீட்டு அம்மா திரும்பி, "என்னுங்க மாஸ்டர், வண்டி ரிப்பேருங்களா?" என்றார். அதற்கப்புறம் பஸ் முழுக்கத் தெரியும்.

நல்ல வேளை, பி. அடுத்த நிறுத்தத்தில்தான் ஏறினான். ஏறினான் என்று சொல்லக்கூடாது. முதலில் நாலு பொம்பளைகளின் மூட்டையை ஏற்றினான், அப்புறம் அவர்களை, அப்புறம் தன்னை. உட்காரவில்லை. கம்பியைப் பிடித்து நின்றபடி பேச்சு.

"அத்தை, நேத்து சொன்னாப்பல செஞ்சீங்களா?"

"செஞ்சேன் சாமி. குனியாம முட்டிய மடிச்சுத்தான் கொடத்த எடுத்தேன். எம் மருமவ சிரிக்கறா, என்ன கும்புட்டுக்கிட்டுத் தண்ணி எடுக்கறன்னு."

"சிரிக்கட்டும். முதுகு?"

"முதுகு இருக்கறதே தெரியல கண்ணு."

பக்கத்து அம்மா: "எனக்கு அந்தக் கழுத்துக்கு ஒண்ணு சொல்லு சாமி."

சொன்னான். ஓடுகிற பஸ்ஸில். வளைவில் எல்லாரும் இடது பக்கம் சாய்ந்தபோது கழுத்தை மட்டும் வலது பக்கம் திருப்பச் சொன்னான். பாதி பஸ் திருப்பியது. கண்டக்டர் திருப்பினார். சொல்ல வெட்கம், நானும் திருப்பினேன். நன்றாகத்தான் இருந்தது.

நான் வீட்டு வாசலில் மணி அடித்து விற்கிறதை இவன் பஸ்ஸில் சும்மா கொடுக்கிறான். முதலில் கிறுக்கன் என்று நினைத்தேன். இறங்கி நடக்கும்போதுதான் உறைத்தது. அந்த அம்மாக்கள் காலையில் காபிப் பழம் பறிக்கிறார்கள். மீதிப் பொழுது இந்த மலையில் இருக்கிற ஒவ்வொரு பங்களாவின் சமையல்கட்டும் அவர்கள் கையில். முதுகு வலி போன அம்மா அதைச் சமையல்கட்டில் சொல்லாமல் இருப்பாளா? சமையல்கட்டில் சொன்னது டைனிங் டேபிளுக்குப் போகாமல் இருக்குமா?

குறிப்பு எண் நான்கு. அந்தக் கழுத்தில்லாதவன் சொன்னது. வாடிக்கையாளரையே பேச வை. பி. அதற்கும் மேலே போய், வாடிக்கையாளர் வீட்டில் வேலை செய்கிறவரைப் பேச வைத்திருக்கிறான். திட்டம் போட்டுச் செய்திருந்தால் மன்னித்திருப்பேன். அவன் முகத்தைப் பார்த்தேன். திட்டமே இல்லை. தானாக வருகிறது. அதுதான் தாங்கவில்லை.

மல்லிகாவிடம் (இனிமேல் ம.) சொன்னேன். "நல்ல பையனாத் தெரியறானே" என்றாள். ரசத்தில் உப்பு இல்லை என்றேன். இருந்தது.

டிசம்பர் 4, வியாழன்

இதை வேகமாக எழுதி முடிக்கணும்.

பி. செய்கிறதை நான் பெரிய அளவில் செய்வது என்று முடிவு. பஸ்ஸில் நாலு பேர் எதற்கு? நாகலூர்ப் பக்கம் ஒரு எஸ்டேட்டில் கணக்கெழுதுகிற ரைட்டர் எனக்குப் பழக்கம். காலை ஏழே முக்காலுக்குக் காபி காயப்போடுகிற களத்தில் ஆள் கணக்கு எடுப்பார்கள். முப்பது பொம்பளைகள், இடுப்பில் சாக்குக் கட்டிக்கொண்டு, வரிசையாக. பத்து நிமிஷம் கேட்டேன். ரைட்டர் கொடுத்தார். "எட்டுக்குள்ள செடி வரிசைக்குள்ள எறங்கணும் மாஸ்டர், பழம் கனிஞ்சு கெடக்குது" என்றார்.

ஸ்பீக்கர் கொண்டுபோனேன். பாட்டுப் போட்டேன். "அம்மா எல்லாரும் ரெண்டு கையையும் மேல தூக்குங்க! இன்னும் மேல! ஒன், டூ!"

யாரும் தூக்கவில்லை. முன் வரிசையில் பழனியம்மாள் என்று ஒருத்தர், என் வயது இருக்கும், நிதானமாக வெற்றிலையை ஒதுக்கிவிட்டுச் சொன்னார்:

"ஏனுங்க மாஸ்டர், பொழுதன்னைக்கும் கொம்ப வளச்சுக்கிட்டுக் கையத் தூக்கித்தானுங்க நிக்கறோம். கீழ எறக்கறதுக்கு ஏதாச்சும் இருந்தாச் சொல்லுங்க."

சிரிப்பு. முப்பது பேர் சிரித்தால் களத்தில் எப்படிக் கேட்கும் என்று இன்றைக்குத் தெரிந்துகொண்டேன். சிமெண்ட் தரை; நன்றாக எதிரொலிக்கும்.

சமாளிக்க ஸ்குவாட்டுக்குப் போனேன். உட்கார்ந்து எழுந்து காட்டினேன். "தோப்புக்கரணமுங்களா? என்ன தப்புப் பண்ணுனோமுங்க?" என்றது ஒரு சின்னப் பெண். மறுபடி சிரிப்பு. சாக்கோடு உட்கார்ந்ததில் ஒருத்தருக்கு முடிச்சு அவிழ்ந்தது. ரைட்டர் கடிகாரத்தைப் பார்த்தார். எட்டு அடித்து ஐந்து நிமிஷம். கங்காணி கத்த, எல்லாரும் ஓட, நானும் என் பாட்டும் களத்தில்.

போகும்போது பழனியம்மாள் நின்று, "நம்ம பிரவீன் தம்பி சாயங்காலமா வருமுங்க, வேல முடிஞ்சப்பறம். கையத் தொங்க உட்டு ஆட்டச் சொல்லும். அது நல்லா இருக்குமுங்க" என்றார். கெட்ட எண்ணம் இல்லை. உதவியாகத்தான் சொன்னார்.

காலையில் வராதே, சாயங்காலம் வா. கையைத் தூக்காதே, இறக்கு. இவ்வளவுதான் வித்தியாசம். இருபது வருஷ அனுபவம், இரண்டு சர்ட்டிபிகேட், எனக்குத் தெரியவில்லை. அவன் அம்மா பழம் பறிக்கிறவர். அவனுக்குத் தெரிந்திருக்கிறது.

சர்ட்டிபிகேட் இரண்டையும் பீரோவிலிருந்து எடுத்துப் பார்த்தேன். ஒன்றில் என் பெயரைத் தப்பாக அடித்திருக்கிறார்கள். இத்தனை நாள் கவனிக்கவில்லை.

டிசம்பர் 5, வெள்ளி

தூறல். முட்டி வலி. தைலம் தீர்ந்துவிட்டது, மாமியார் முந்திக்கொண்டார்.

இன்று ஒரு காரியம் பண்ணினேன்.

ஒண்டிக்கடை முக்கில் டீ குடிக்க நின்றேன். பஷீர் பாய், இரண்டு டிரைவர்கள், பூக்கார அக்கா. பேச்சு பி. பக்கம் போனது. எல்லாப் பேச்சும் இப்போது அங்கேதான் போகிறது. எப்படி இவ்வளவு சீக்கிரம் ஜனங்களுக்கு வலி போகிறது என்று டிரைவர் ஒருத்தன் ஆச்சரியப்பட்டான். நான் டீயைப் பார்த்துக்கொண்டே சொன்னேன்: "பவுடர் ஏதோ குடுக்கறானாம். எனக்குத் தெரியாதுப்பா. கேள்விப்பட்டேன்."

கேள்விப்பட்டது என் வாயிலிருந்துதான். அப்போதுதான், முதல் தடவையாக.

பாய் என்னைப் பார்த்தார். "மாஸ்டர், டீ ஆறுது" என்றார்.

வீட்டுக்கு வந்து இரண்டு தடவை கை கழுவினேன். டீ ஒட்டியிருந்தது.

டிசம்பர் 6, சனி

காலை பஸ் ஸ்டாண்டில் பூக்கார அக்கா ஓடி வந்தார்: "சமாச்சாரம் தெரியுமுங்களா மாஸ்டர்? அந்த வாழவந்திப் பையன் ஊசி போடறானாமா!"

"ஊசியா?" என்றேன். நிஜமாகவே அதிர்ச்சி. நான் விட்டது பவுடர். ராத்திரியோடு ராத்திரியாக ஊசியாக வளர்ந்திருக்கிறது. நான் அடித்த மஞ்சள் நோட்டீஸ் ஏரியைத் தாண்டவில்லை. செலவில்லாமல் சொன்ன ஒரு வரி மலையைச் சுற்றி வந்துவிட்டது. அந்த வீடியோக்காரனுக்கு எழுதிப் போடலாம், எண் ஐந்து என்று.

மத்தியானம் வாசலில் சத்தம். பி. கையில் ஒரு பை கமலா ஆரஞ்சு, அவர்கள் தோட்டத்தில் விளைந்தது. ம. அவனை உட்கார வைத்து, காபி கொடுத்து, பலகாரம் கொடுத்து, வாழவந்தியில் யார் யார் வீட்டுக்கு எந்தத் தபால் வரும் என்கிற வரைக்கும் பேசிவிட்டாள். எனக்குக் கொடுத்த காபியில் நுரை இல்லை.

"அண்ணா, உங்ககிட்ட ஒண்ணு கேக்கணுமுங்க" என்றான். கண் கலங்கியிருந்தது. "யாரோ நான் ஊசி போடறேன்னு கெளப்பிட்டாங்கண்ணா. எங்கம்மா நேத்து ராத்திரியிருந்து சாப்புடல. நாளைக்கு அங்க கேட்டாங்கன்னா நான் சொன்னா நம்ப மாட்டாங்க. நீங்க சீனியரு. நீங்க ஒரு வார்த்த சொன்னாப் போதுமுங்க."

"யாருன்னு தெரியுமா?" என்றேன். குரல் எனக்கே பிடிக்கவில்லை.

"தெரிஞ்சு என்ன பண்றதுங்கண்ணா."

போட்டிக்காரனிடம் வந்து கேட்கிறானே, இவனுக்கு வெட்கம் இல்லையா? எனக்கு ஒரு தேவை என்றால் அவன் வாசலுக்கு நான் போவேனா? மாமியார் போனைத்தான் எடுப்பேன்.

சொல்கிறேன் என்றேன். போன பிறகு ம. தட்டை எடுத்துக்கொண்டே, "யாருங்க அப்படிக் கெளப்பியிருப்பாங்க?" என்றாள். நான் ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தேன். அவள் ஆரஞ்சையும் என்னையும் பார்த்தாள். தபால் பிரிக்கிற கண். அப்புறம் உள்ளே போய்விட்டாள்.

ஆரஞ்சு இனிப்பு. அதுகூட.

டிசம்பர் 7, ஞாயிறு

பனி விலகி நல்ல வெளிச்சம்.

ஹாலில் எட்டுப் பேர். சால்வை, சாக்ஸ், குல்லா. முதலில் பி. எக்சர்சைஸே சொல்லித்தரவில்லை. எல்லாரையும் நாற்காலியில் உட்கார வைத்து, கையை ஊன்றாமல் எழுந்திருக்கச் சொன்னான். எழ முடியவில்லை. கால் எங்கே இருக்கணும், மூக்கு எங்கே போகணும் என்று ஒவ்வொருத்தராகப் பக்கத்தில் நின்று காட்டினான். இருபதாவது நிமிஷம் எட்டுப் பேரில் ஆறு பேர் எழுந்துவிட்டார்கள். ஒரு பாட்டி கைதட்டினார், தனக்கே. எனக்கு வயிறு எரிந்தது. அதைவிட மோசம், நாற்காலியில் உட்கார்ந்திருந்த நானும் கையை ஊன்றாமல் எழுந்து பார்த்தேன். அவன் சொன்னபடி செய்ததில் முட்டி வலிக்கவில்லை.

அடுத்து நான். ஸ்பீக்கர், பாட்டு, ஒன், டூ. மூன்றாவது ஸ்குவாட்டில் கீழே போனேன். மேலே வரவில்லை. முட்டி பிடித்துக்கொண்டது. "இதுதான் போஸ். இப்படியே மூச்சை இழுத்து விடுங்க" என்றேன். பாவம், எல்லாரும் அரைக்கு உட்கார்ந்து மூச்சு விட்டார்கள். பி. ஓடி வந்து, ஏதோ பயிற்சியில் அடுத்த பாகம் மாதிரி, என் அக்குளில் கை கொடுத்துத் தூக்கினான். யாருக்கும் தெரியவில்லை. இதையும் நான் மன்னிக்கணும்.

செக்ரட்டரி என்னைத் தனியாக ஜன்னல் பக்கம் கூப்பிட்டார்.

"குணசேகரன், மறைக்காம சொல்லணும். அந்தப் பையன் இஞ்ஜெக்‌ஷன் போடுவானாமே?"

வந்துவிட்டது. 'எனக்குத் தெரியாதுங்க சார், கேள்விப்பட்டேன்' என்று வாய் வரைக்கும் வந்தது. நான்கு சொல். பன்னிரண்டு வீடு என்னுடையது. திரும்பிப் பார்த்தேன். பி. கைதட்டின பாட்டிக்கு சாக்ஸ் மாட்டிவிட்டுக்கொண்டிருந்தான்.

"இல்லைங்க சார். சுத்தப் பொய்யி. ஊசியக் கையில தொட்டதுகூடக் கெடையாது. நான் பொறுப்பு."

சொல்லிவிட்டேன். அரை நிமிஷம் என்னைப் பார்த்து நானே பொறாமைப்படலாம் போல இருந்தது.

செக்ரட்டரியின் முகம் விழுந்துவிட்டது. "அடடா" என்றார். திரும்பி, "கமலா! அவனுக்கு ஊசி போடத் தெரியாதாம்!"

"தெரியாதா?" அந்தப் பக்கமிருந்து ஒரு மாமி. "சமையல்காரி அடிச்சு சொன்னாளே! அதுக்காகத்தானே நான் அவனுக்கு ஓட்டுப் போடறதா இருந்தேன்!"

அப்புறம்தான் விளங்கியது. இவர்களில் ஏழு பேருக்குச் சர்க்கரை. தினமும் காலையில் இன்சுலின் போட ஊருக்குள்ளிருந்து ஒரு ஆள் வரணும், அவர் வருவதற்குள் இட்லி ஆறிவிடுகிறது. எக்சர்சைஸும் ஊசியும் ஒரே ஆள் என்றால் எவ்வளவு சௌகரியம்! நான் கட்டிவிட்ட அவதூறு இங்கே தகுதியாக வந்து சேர்ந்திருக்கிறது. வாயை மூடிக்கொண்டிருந்தால் பி. ஜெயித்திருப்பான். யோக்கியனாக இருந்து கெடுத்தேன்.

"உங்களுக்குத் தெரியுமா குணசேகரன்?"

தெரியும். என் அப்பாவுக்குக் கடைசி ஆறு வருஷம், தினம் இரண்டு வேளை நான்தான் போட்டேன். வலிக்காமல் போடுகிறேன் என்பதுதான் அவர் என்னைப் பாராட்டின ஒரே விஷயம். பொய் சொல்ல அவசியமே இல்லாத இடத்தில் வந்து மாட்டிக்கொண்டேன்.

"தெரியுமுங்க சார்."

என் பெயருக்கு எட்டுக் கையும் மேலே போனது. சொல்லாமலே, நன்றாக, உயரமாக.

திரும்பும்போது பி.யை ஸ்கூட்டரில் ஏற்றிக்கொண்டேன். தம்பெல்லை அவன் மடியில் வைத்துக்கொண்டான். ஏற்றத்தில் வண்டி திணற, பின்னாலிருந்து, "அண்ணா, எனக்காகப் பேசுனீங்களே, நொம்ப சந்தோசமுங்க. அம்மாகிட்டச் சொன்னாச் சாப்புட்டுரும்" என்றான்.

சொல்லியிருக்கலாம். ரோடு நீளம்தான். ஒண்டிக்கடை வரைக்கும் வாயைத் திறந்து திறந்து மூடினேன். குளிர் காற்று உள்ளே போனதுதான் மிச்சம்.

இறங்கினான், கையசைத்தான், விசில் அடித்துக்கொண்டு பஸ்ஸுக்கு ஓடினான். தோற்றுப்போகிறதைக்கூட என்னைவிட நன்றாகச் செய்கிறான்.

ம.விடம் கிடைத்துவிட்டது என்றேன். "அந்தப் பையனுக்கு?" என்றாள். முதல் கேள்வியே அதுதான்.

டிசம்பர் 8, திங்கள்

பனி திரும்பவும்.

வாங்க வேண்டியது: மேட் எட்டு. ஸ்பீக்கர் வேண்டாம். கையில்லாத நாற்காலி இருக்கிறதா என்று பார்க்கணும் (ஆமாம், அவன் பயிற்சிதான். எடுத்துக்கொள்ளப் போகிறேன்).

காலை பத்தரைக்கு ஹாலை அளக்கக் கிளியூர் ரோட்டுக்குப் போனேன். கேட்டில் வாட்ச்மேன், அறுபது வயது, தோளில் கம்பளி. நான்தான் புது மாஸ்டர் என்றேன். பெருமையாகத்தான்.

"அப்புடிங்களா. எப்பத்திருந்துங்க?"

"ஜனவரி ஒண்ணாந்தேதிங்க."

அவர் கம்பளியை இழுத்துப் போர்த்திக்கொண்டார்.

"ஜனவரில இங்க யாரு இருப்பாங்க மாஸ்டர்? கிறிஸ்துமஸ் லீவு உட்டதும் எல்லாரும் மெட்ராஸுக்கு எறங்கிருவாங்க, மவ ஊடு, மவன் ஊடுன்னு. குளிரு தாங்காதுங்களே. பங்குனி பொறந்தாத்தான் மேல வருவாங்க. வருசா வருசம் புது வருசத்துக்குன்னு ஒருத்தரச் சேத்துவாங்க. போன வருசம் யோகாவுக்கு ஒரு அம்மா வந்துச்சு, பாவம். அது வரைக்கும் இருக்கறது நானும் இந்த நாயுந்தானுங்க."